சசிரேகை கூலண்ட் விளக்கு அவித்த படலம்

ஒரகடத்து ஆலைகள் ஆயிரத்துள், கார்களுக்கு நரம்பாகிய வயர்க்கட்டு பின்னும் ஆலையில் சோதனை மேசைக்கு ராணியாய் வீற்றிருப்பவளும், எட்டாண்டுகளாய்த் தன் கண்ணுக்குத் தப்பி ஒரு கனெக்டரும் வாசல் தாண்டியதில்லை என்னும் விருதுடையவளும், ஓ.டி. மேல் ஓ.டி. பார்த்துப் பன்னிரண்டு பிராயம் நிரம்பிய சாம்பல்நிறக் காரொன்றைத் தானே தேர்ந்து தானே கொணர்ந்தவளுமான வடக்குப்பட்டுச் சசிரேகை வாழ்க! அவள் கொற்றம் ஓங்குக! அவளைச் சீண்டியவர் பாடு திண்டாட்டமாகுக!

கேளீர். நாத்தனார் மஞ்சுளைக்குச் சிங்கப்பெருமாள் கோவில் மண்டபத்தில் நிச்சயதார்த்தம் குறித்த ஞாயிறு அது. பட்டுடுத்திப் பூமுடித்த மணப்பெண், "அண்ணி வண்டியிலதான் வருவேன்" எனச் சபதம் உரைத்து வாசலில் நின்றாள். சாவி திருகப்பட்டது, எஞ்சின் கனைத்தது, அக்கணமே டாஷ்போர்டாகிய கருவானில் செந்தழல் உமிழ்ந்து எழுந்தது கூலண்ட் விளக்கு. எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் வற்றிவிட்டதென்று அலறுவது அதன் தொழில். பானெட்டைத் தூக்கிப் பார்த்தால், கூலண்ட் டப்பாவில் நீர் கழுத்துவரை இருந்தது.

இதற்கென்றே காத்திருந்தவர்போல் எழுந்தருளினார் புருஷோத்தமன். அவள் கணவனுக்கு மூத்தவர்; எஞ்சின் ஆலையில் இருபதாண்டு பழுத்தவர்; "பொம்பள பார்த்து வாங்குன வண்டி" என்னும் அம்பை ஆறு மாதமாய் ஓய்வின்றி எய்து வருபவர். கைகட்டி நின்று அவர் பிரகடனம் செய்தார்: "அரை மணி டைம். லைட்டு அணையலன்னா பொண்ணு நம்ம தோஸ்து வேன்ல வரும். இந்த டப்பாவ நாளைக்கே தள்ளி வுட்டுடு." சசிரேகை நொடியில் கணக்கிட்டாள். இன்று மஞ்சுளை வேன் ஏறினால், இனி இந்தக் குடும்பத்தின் காதுகுத்து முதல் கருமாதி வரை இதே கதைதான் பந்தியில் ஓடும்.

அதற்குள் எதிர்வீட்டு மகாரதர் தணிகாசலமும் வந்து சேர்ந்தார். அடடா, அந்த மண்ணின் தருமத்தை என்னென்று புகழ்வேன்! அவரவர் ஆலை செய்யும் உறுப்பின்மேல் அவரவர் பழி வரவிடார். மானம் போகும் என்றால் பிற உறுப்பு எதையும் காட்டிக்கொடுப்பார். ரேடியேட்டர் ஆலைக் குலத் திலகமாகிய தணிகாசலம் ரேடியேட்டரைத் தொட்டும் பாராமல், "இதுல ஒண்ணுமில்லம்மா. வயரிங்குதான் பூட்டுச்சி" என்றார். எஞ்சின் குலத்துப் புருஷோத்தமனும் எஞ்சினுக்கு நற்சான்று வழங்கி, வயரின் மீதே ஈட்டி நாட்டினார். அவ்விருவரும் ஒத்துப்போனது அந்தத் தெருவில் அதுவே முதல்முறை.

வயரோ அவள் ஆலையின் வயர். "எங்க வயர் அப்படியெல்லாம் போவாது" என்ற சொல் அவளுக்கும் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எட்டாண்டாய்ச் சோதிக்காத ஒன்றுக்கும் பச்சை ஸ்டிக்கர் ஒட்டாத கை அது. "வயரத்தான் மொதல்ல பார்க்கப்போறேன் மாமா. அது தப்புன்னா வேனுக்கு நானே போன் பண்றேன்" என்றாள்.

முந்தானையை வரிந்து இடுப்பில் செருகினாள். மஞ்சுளையை ஸ்டியரிங் முன் அமர்த்தி விளக்கைப் பார்த்துக்கொள்ளப் பணித்தாள். கூலண்ட் டப்பாவின் அடியில் பதுங்கியிருந்த, நீர்மட்டம் உரைக்கும் சென்சாரின் பிடியிலிருந்து வயர்முனைக் கனெக்டரைக் கழற்றினாள். நீர் நிறைந்தால் உள்ளே மிதவை எழும்பும். அப்போது சென்சார் வயரின் இரு கம்பிகளையும் இணைக்க வேண்டும். இணைந்தால் விளக்கு அணையும். சென்சாரைத் தள்ளிவைத்து அக்கம்பிகளைத் தானே இணைத்தால் என்ன ஆகும்? அணைந்தால் வயர் உத்தமன், சென்சார் பொய்யன். அணையாவிட்டால் வேன்தான்.

உருவினாள், ஐயன்மீர், தன் கூந்தலிலிருந்து ஒரு கொண்டை ஊசியை! காலையில் ஒரு மணிநேரம் முயன்று போட்ட கொண்டை சரிந்து முதுகில் வீழ, அதைப் பொருட்படுத்தாமல், ஊசியின் இரு கால்களையும் கனெக்டரின் இரு துளைகளில் பாய்ச்சினாள். "அண்ணி, அணைஞ்சிடுச்சி" என்றாள் மஞ்சுளை.

பழி தன் குலத்தின்மேல் இறங்குவது கண்டாள், பக்கத்து வீட்டு மாடியில் துணி உலர்த்திய சென்சார் ஆலைப் பெண் ஷாரோன். "அது எங்க பீஸே இல்லக்கா, எவனோ டூப்ளிகேட் மாட்டிக்கீறான்" என்று அங்கிருந்தே தீர்ப்பைத் திருத்தினாள்.

ஞாயிறு என்பதால் புதுச் சென்சார் வாங்கக் கடை இல்லை; ஊசிமேல் டேப் சுற்றி, வழியில் இருமுறை நிறுத்தி நீரைக் கண்ணால் பார்த்துக்கொள்வதென முடிவாயிற்று. வேனை வரவேண்டாமென்று சொல்லியாயிற்று. பின், அவிழ்கூந்தல் காற்றில் அலைய, வெற்றித் திருமகளாய்ச் சசிரேகை ஸ்டியரிங் பற்றி அமர, பின்னே மணமகள் பொலிய, தோற்ற வேந்தன் வாய்திறந்து உரைக்கப்போகும் அந்த ஒற்றைச் சொல்லுக்காக எண்திசையும் செவிசாய்த்துக் காத்திருக்க, முன்கதவு மெல்லத் திறந்தது.

புருஷோத்தமன் ஏறி உட்கார்ந்து, ஏசியைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னார்.