எழுதிக் கொடுத்த பெருநாள்

சனிக்கிழமை காலை, பெருநாள் தொழுகை முடித்துப் பூந்தமல்லி வீட்டு வாசலில் கலீல் ரகுமான் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே போனில் செய்தி வந்து விழுந்தது. ஹெல்மெட் அணியவில்லை, அபராதம். விவரம் பார்க்கக் கீழே ஒரு லிங்க்.

"அதைத் தொட்டுடாதீங்க. பேங்குல கீறதெல்லாம் பூடும்" என்றாள் மனைவி ஜுபைதா.

தொடவில்லை. தொழுதுவிட்டு வரும் வழியில்தான் கேமராவில் பிடித்திருப்பார்கள் என்று அவராகவே முடிவு கட்டினார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் அவர். வேனில் பெல்ட் போடாமல் சாவியைத் திருப்பமாட்டார். சொந்த ஸ்கூட்டரில் மட்டும், தொப்பி கசங்கும் என்று ஹெல்மெட்டைத் தொடமாட்டார்.

வாழ்த்துச் சொல்ல சிட்னியிலிருந்து கூப்பிட்ட அக்கா மகன் சர்ஃபராஸிடம் இதைச் சொன்னார்.

"மாமா, இங்க லீவு நாள்ல மாட்னா தப்புக்குப் போடுற பாயிண்ட் டபுளா ஏறும். ரொம்ப ஏறுனா லைசென்ஸ் காலி. அங்கயும் கொண்டுவரப் போறாங்கன்னு படிச்சேன்."

"வந்துடுச்சாடா?"

"தெரியல மாமா. வந்திருந்தா பெருநாளுக்கு டபுள்தான்."

லைசென்ஸ் போனால் சோறு போனது. கலீல் பிரியாணியில் கை வைக்கவில்லை. பெருநாள் இல்லையென்றால் டபுளும் இல்லை. இன்று பெருநாளே இல்லை என்று சொல்லக்கூடிய ஆள் அவருக்குத் தெரிந்து ஒருவன்தான்: நெமிலிச்சேரியில் இருக்கும் ஜுபைதாவின் தம்பி முஸ்தகீம். சவுதியில் பிறை தெரிந்தால் போதும் என்று, ஊருக்கு ஒரு நாள் முன்பே கொண்டாடுகிறவன். இந்த வருஷமும் வெள்ளிக்கிழமையே முடித்துவிட்டான். கலீலோ இங்கே பிறை தெரிந்து காஜியார் அறிவித்தால்தான் பெருநாள் என்பவர். பதினோரு வருஷமாக இரண்டு வீட்டிலும் ஒரே நாளில் பெருநாள் அடுப்பு எரிந்ததில்லை.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நெமிலிச்சேரி போனார்.

"நீ சொன்னதுதான் சரி. பெருநாள் நேத்தே ஆயிடுச்சு" என்றார் தரையைப் பார்த்து.

"வாயால சொன்னா இன்னா மச்சான்? எழுதிக் குடுங்க."

எழுதிக் கையெழுத்தும் போட்டார். முஸ்தகீம் அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான். அங்கிருந்து அது ஜமாஅத் குழுவுக்குத் தாவியது.

பள்ளிவாசல் செயலாளர் கோதர்ஷா போனில் கூப்பிட்டார். "அப்போ காலைல எங்ககூட நின்னு தொழுதியே, அது இன்னா தொழுகை?"

அடுத்துக் கூப்பிட்டது ஜுபைதா.

"இதை அன்னிக்கே எழுதியிருந்தா, பதினோரு வருஷம் நான் தம்பிகூட உக்காந்து சாப்ட்டிருப்பேனே."

அவமானம் பிடுங்கித் தின்ன, போக்குவரத்துக் காவல் நிலையத்துக்குப் போய்த் தலைமைக் காவலர் ரேவதியின் மேசையில் அந்தக் காகிதத்தை வைத்தார்.

"எனக்குப் பெருநாள் வெள்ளிக்கிழமையே முடிஞ்சிடுச்சும்மா. சனிக்கிழமை எனக்குச் சாதா நாள். டபுள் போட்டுடாதீங்க."

ரேவதி இரண்டு தடவை படித்தார். சிரிக்கவில்லை.

"அந்த டபுள் பாயிண்டெல்லாம் இங்க கிடையாது பாய். ஃபைனை மட்டும் கட்டுங்க."

கலீலுக்கு மூச்சு வந்தது. லைசென்ஸ் பிழைத்தது, போனது பதினோரு வருஷத்துப் பிடிவாதம் மட்டும்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

ரேவதி கணினியில் அபராதத்துக்கான கேமரா படத்தைத் திறந்து பார்த்துவிட்டு, திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"உங்களைப் படம் புடிச்சது வெள்ளிக்கிழமை பாய். அந்தச் சட்டம் மட்டும் இருந்திருந்தா, இந்தக் காயிதம்தான் உங்களை மாட்டி வுட்ருக்கும்."