ரூட்டர் பார்க்க வந்தவர்

தெருவுக்கு ஒருவர் என்ற கணக்கில் தானாகவே முளைத்துவிட்ட ஓர் இனத்தைப் பற்றி இங்கே பேசப்போகிறோம். வை-ஃபை வைத்தியர் இனம். இவர் இதற்கென்று படித்தவர் அல்ல, யாரும் இவரை நியமிக்கவும் இல்லை. என்றோ ஒரு நாள் தன் வீட்டு ரூட்டரை அணைத்துப் போட்டிருப்பார், அது வேலை செய்திருக்கும், அவ்வளவுதான். அன்று முதல் தெருவில் எந்த வீட்டில் இன்டர்நெட் நின்றாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கூப்பிட வேண்டிய அவசியம்கூட இல்லை. ஜன்னல் வழியாக யாராவது "நெட் வரலையே" என்று முனகுவது காதில் விழுந்தால் போதும். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். இல்லவே இல்லை என்கிறீர்களா? அப்படியானால் விஷயம் கொஞ்சம் சிக்கல்தான். அதற்குக் கடைசியில் வருவோம்.

சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பலில் போக வேண்டிய ஒரு தீவில், ரங்கத் பஜாருக்குப் பின்னால் இருக்கும் பன்னிரண்டு வீட்டுத் தெருவில் அந்தப் பதவி சொக்கலிங்கத்துடையது. ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்து நான்கு வருடப் பணியில் "எனக்குத் தெரியாது" என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அந்த மாதிரி நேரங்களில் "மேல் நடவடிக்கைக்கு" என்று கோப்பில் எழுதிப் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிடுவார். தீவுக்கு சாட்டிலைட் வழியாக நெட் வந்துகொண்டிருந்த நாட்களை முழுவதுமாக அனுபவித்தவர். ஒரு போட்டோவைத் திறக்கச் சொல்லிவிட்டுக் குளித்து, சாப்பிட்டு, துணி உலர்த்திவிட்டு வந்து பார்த்தால் நெற்றி வரைக்கும் வந்திருக்கும். அப்போதெல்லாம் நெட் வராவிட்டால் மழை காரணம், மழை இல்லாவிட்டால் மேகம், மேகமும் இல்லாவிட்டால் மெயின்லேண்டில் யாரோ எதையோ அணைத்துவிட்டார்கள். பிறகு கடலுக்கடியில் கேபிள் வந்தது, வீட்டுக்கு வீடு ஃபைபர் வந்தது. சொக்கலிங்கத்தின் காரணங்கள் மட்டும் மாறவே இல்லை.

அவருடைய சாதனைகளிலெல்லாம் பெரியது பீரோ யோசனை. தீவில் வருடத்தில் பாதிக்கு மேல் மழை, மிச்சத்துக்கு உப்புக் காற்று. குடைக்கம்பி துருப்பிடிக்கும், கடிகாரம் துருப்பிடிக்கும், பெல்ட்டில் பூஞ்சை பூக்கும். அதனால் கொஞ்சம் விலை போட்டு வாங்கிய எதையும் ஸ்டீல் பீரோவுக்குள் வைத்து, உள்ளே ஒரு குட்டி பல்பை இரவும் பகலும் எரியவிடுவது இங்கே பல வீடுகளில் வழக்கம். பட்டுப்புடவை, சர்டிபிகேட், கேமரா எல்லாம் அந்தச் சூட்டில்தான் பிழைத்திருக்கின்றன. போன வருடம் புது ரூட்டர்கள் வந்தபோது சொக்கலிங்கம் வீடு வீடாகப் போய் அதையும் பீரோவுக்குள் வைக்கச் சொன்னார். பல்புக்குத்தான் கரண்ட் இருக்கிறதே, பின்பக்கம் ஒரு ஓட்டை போட்டால் ஃபைபர் வயரும் வந்துவிடும். அவரே கூட நின்று ஓட்டை போட வைத்தார், அவரே வயரை அளவாக வெட்டவும் சொன்னார். பன்னிரண்டு வீட்டிலும் பன்னிரண்டு ரூட்டர்கள் துருப்பிடிக்காமல் இருக்கின்றன. அதை யாரும் மறுக்க முடியாது.

இப்படி இருக்கும்போதுதான் ஒச்சம்மா வீட்டு ஜன்னல் வழியாக அந்த முனகல் கேட்டது.

ஒச்சம்மா பஜாரில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருப்பவர். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். மகள் கார்த்திகா கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு, சென்னைக் கம்பெனி ஒன்றில் வீட்டிலிருந்தே செய்யும் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். போன வாரம் லேப்டாப்பில் நேர்காணல் நடந்தது. "என் பலம் என்னவென்றால்" என்று அவள் ஆரம்பித்த இடத்திலேயே படம் உறைந்து, வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டாள். பலம் என்னவென்று அந்தக் கம்பெனிக்கு இன்றுவரை தெரியாது. இன்னொரு வாய்ப்பு தருகிறோம், வியாழக்கிழமை பதினோரு மணி, அப்போதும் அறுந்தால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம் என்று கடிதம் வந்திருந்தது. நேரில் போகலாம் என்றால் கப்பல் டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டும், மூன்று நாள் கடலில் ஆட வேண்டும், அதற்குள் வேலையை வேறு யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள். மொபைல் நெட்டை நம்பலாம் என்றால் வீட்டுக்குப் பின்னால் மலை, உள்ளே வந்தால் ஒரு கோடுதான் நிற்கும்.

கூடப் படித்த அஸ்வின் போனில் ஒரு வழி சொல்லியிருந்தான். தெருவில் எல்லா ரூட்டரும் பழைய அலைவரிசையில் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து நெரிசலாக இருக்கும், உங்கள் ரூட்டரில் புதியதும் ஒன்று உண்டு, பெயரின் கடைசியில் 5G என்று போட்டிருக்கும், அதில் சேர்ந்துகொள் என்றான். நல்ல யோசனை. ஆனால் வியாழக்கிழமை காலை லேப்டாப்பில் தேடினால் தெருவில் இருக்கும் எல்லாப் பெயர்களும் வந்தன, அந்தப் பெயர் மட்டும் வரவில்லை. போனிலும் வரவில்லை.

ஒன்பது மணிக்குச் சொக்கலிங்கம் உள்ளே வந்தார். ஒச்சம்மா முகம் வாடிப்போயிருந்தது. "அண்ணே, பதினோரு மணிக்கு இன்டர்வியூ. இதையும் விட்டா புள்ள ஒடஞ்சு போயிரும்" என்றார்.

"ஹோ ஜாயேகா ம்மா, சரியாயிரும். டென்ஷன் ஆவாத. ஒரு சாய் மட்டும் போடு, சீனி வேணாம்."

இந்த இனம் வேலையை ஆரம்பிக்கும் விதத்தைக் கவனியுங்கள். முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும். பிறகு லேப்டாப்பின் அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கும். "சூடு இருக்கு" என்று சொல்லும். சூடு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று யாரும் கேட்பதில்லை, கேட்டால் வைத்தியம் தாமதமாகும். பிறகு, எப்போது வாங்கியது என்று விசாரிக்கும். போன மாதம் சென்னையிலிருந்து வந்தது என்று கார்த்திகா சொன்னதும் சொக்கலிங்கத்தின் முகம் தெளிந்துவிட்டது.

"அதான பாத்தேன். மெயின்லேண்ட் பீஸ். இங்க உள்ள காத்துக்கு செட் ஆவ மூணு மாசம் எடுக்கும்."

"போன்லயும் காட்டலயே மாமா. போன் ரெண்டு வருஷமா இங்கதான இருக்கு" என்றாள் கார்த்திகா.

யாராக இருந்தாலும் இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். சொக்கலிங்கம் யோசிக்கவில்லை. லேப்டாப்பைப் பார்த்துப் போனும் கெட்டுப்போயிருக்கலாம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதே என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பை அணைத்து, நூறு வரைக்கும் இந்தியில் எண்ணி, மறுபடி போட்டார். வரவில்லை. வராந்தாவுக்குக் கொண்டுபோனார், சமையலறை ஜன்னலில் வைத்தார், சென்னை மேற்கே இருப்பதால் மேற்கே திருப்பினார். வரவில்லை. தெரிந்த வைத்தியமெல்லாம் பத்தே காலுக்கு முடிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் அலைவரிசை என்றால் என்ன என்றே அவருக்குச் சரியாகத் தெரியாது. அதைச் சொல்லவும் தெரியாது. பக்கத்து மேசை இருந்தால் தள்ளிவிடலாம், ஒச்சம்மா வீட்டில் பக்கத்து மேசை இல்லை.

அதனால் எப்போதோ பேரன் செய்ததைப் பார்த்த ஞாபகத்தில் ஏதோ ஒரு பட்டியலைத் திறந்து, வை-ஃபை என்று எழுதியிருந்த ஒன்றை நீக்கிவிட்டார். புது அலைவரிசை வரவில்லை. பழையதும் போய்விட்டது. வை-ஃபை அடையாளமே திரையிலிருந்து காணாமல் போயிருந்தது.

கார்த்திகாவின் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, அணைத்துப் போட்டாள். போனது தானாகவே திரும்பி வந்தது, பழையது மட்டும். "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று சொல்ல வாயெடுத்த சொக்கலிங்கம் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டார். இந்த இனத்தில் இது அபூர்வம், குறித்துக்கொள்ளுங்கள்.

மணி பத்தே முக்கால். பட்டச் சான்றிதழைக் கேமராவில் காட்டச் சொல்வார்கள் என்று மகள் சொன்னதால் ஒச்சம்மா போய் பீரோவைத் திறந்தார். கார்த்திகாவின் முதுகு நிமிர்ந்தது. அந்தப் பெயர் திரையில் வந்து நின்றது, கடைசியில் 5G. ஒச்சம்மா சான்றிதழை எடுத்துக்கொண்டு பீரோவைச் சாத்தினார். பெயர் போய்விட்டது. ஆதார் அட்டையும் வேண்டும் என்று மறுபடி திறந்தார். பெயர் வந்தது.

சொக்கலிங்கம் திரையைப் பார்த்தார், பீரோவைப் பார்த்தார். குட்டி பல்பு வெளிச்சத்தில் ரூட்டர் பட்டுப்புடவை மேல் சாய்ந்து பச்சை விளக்கோடு சௌக்கியமாக இருந்தது. பழைய அலை எப்படியோ இடுக்கு வழியாக நுழைந்து வெளியே வந்துகொண்டிருக்கிறது, புதியதற்கு இரும்பைத் தாண்டும் தெம்பு இல்லை. தெருவின் பன்னிரண்டு பீரோக்களும் வரிசையாக அவர் கண் முன்னால் வந்தன. காது சூடானது. இத்தனை வயதுக்குப் பிறகு வெட்கம் இப்படிப் பிடுங்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

"ஒச்சம்மா, பீரோவ மூடாத."

"ஏண்ணே?"

"கொஞ்ச நேரம் காத்தாடட்டும்."

ரூட்டரை வெளியே எடுக்கலாம் என்றால் வயர் எட்டாது, அளவாக வெட்டச் சொன்னவர் அவர்தான். கதவைத் திறந்துவிடலாம் என்றால் அது நிற்காது. தரை சரிவு, விட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும். முட்டுக் கொடுக்க எதையாவது தேடுவதற்குள் மணி பதினொன்று. திரையில் மூன்று முகங்கள் வந்துவிட்டன. சொக்கலிங்கம் கதவை முதுகால் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நாற்பத்தைந்து நிமிடம். அசைய முடியாது. பேசவும் முடியாது. கதவைப் பிடிப்பதைவிட அதுதான் அவருக்குக் கஷ்டம். கால் மரத்துப்போயிற்று, மூக்கு அரித்தது, அந்துருண்டை வாசனையில் தும்மல் வந்து வந்து போனது. படம் ஒருமுறைகூட உறையவில்லை. தன் பலம் என்னவென்று கார்த்திகா இந்த முறை முழுவதுமாகச் சொன்னாள்.

கடைசியில் ஒருவர், சமீபத்தில் நீங்கள் தீர்த்த சிக்கல் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டார். கார்த்திகா பீரோவைப் பற்றிச் சொன்னாள். உப்புக் காற்று, குட்டி பல்பு, கதவைத் திறந்தால் வருவது, மூடினால் போவது, எல்லாவற்றையும் அழகான ஆங்கிலத்தில் வரிசையாகச் சொன்னாள். அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். சொக்கலிங்கத்துக்கு அந்த அளவு ஆங்கிலம் புரியும். ரூட்டரை உள்ளே வைக்கச் சொன்னது யார் என்பது அடுத்து வரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரும் நானும் சேர்ந்து கண்டுபிடித்தோம், இந்த நேர்காணல் அறுந்துவிடக்கூடாது என்று அவர் இப்போதும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்றாள் அவள். மூன்று முகங்களும் சிரித்தன. அடுத்த மாதம் முதல் தேதி சேர முடியுமா என்று கேட்டன.

ஒச்சம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சொக்கலிங்கத்துக்கும் கண் கலங்கியது, அந்துருண்டை என்றார். கால் இரண்டும் மரத்திருந்ததால் அவரைத் தாயும் மகளுமாகப் பிடித்து உட்கார வைத்தார்கள். போகும்போது கார்த்திகாவிடம் மட்டும் தணிந்த குரலில், "உள்ள வைக்கச் சொன்னது யாருன்னு நீ சொல்லல" என்றார்.

"அவங்க கேக்கலையே மாமா" என்றாள் அவள்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அன்று சாயங்காலமே செருப்பை மாட்டிக்கொண்டு தன் வீட்டையும் ஒச்சம்மா வீட்டையும் தவிர மிச்சப் பத்து வீட்டுக்கும் போனார். ரூட்டரை பீரோவிலிருந்து உடனே வெளியே எடுங்கள், நீள வயர் வாங்குங்கள் என்றார். போன வருடம் நீங்கள்தானே உள்ளே வைக்கச் சொன்னீர்கள் என்று கடைசி வீட்டு நல்லதம்பி கேட்டதற்கு, நான் கதவைத் திறந்து வைக்கத்தானே சொன்னேன் என்றார். நல்லதம்பிக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இனி உங்களிடம் வருவோம். பீரோ என்ற வார்த்தை வந்த இடத்திலேயே, இரும்புக்குள் வைத்தால் எப்படி வரும், வெளியே எடுக்க வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றிவிட்டது அல்லவா? சொக்கலிங்கத்தின் மேல் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. அந்த நேரம் அங்கே இருந்திருந்தால் ஒரே நிமிடத்தில் சரி செய்திருப்பீர்கள். இப்போது பக்கத்து வீட்டில் யாரோ முனகுவது போலக் கேட்கிறது. நெட் வரவில்லையோ என்னவோ. பரவாயில்லை, போய்விட்டு வாருங்கள். உங்கள் செருப்பு வாசலில்தான் கிடக்கிறது.