கண்டக்டருக்குக் கிடைத்த கவுன்சலிங்

மார்க் வராத பையனுக்கும் மூளை வேலை செய்யும். என்ன, தேர்வு முடிந்த பிறகுதான் செய்யும். பிளஸ் டூ அரையாண்டில் நான் நாலு பாடத்தில் பெயில். கடலூரில் எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்திருந்த கவுன்சலிங் மேடம், வீட்டிலிருந்து யாரையாவது அழைத்து வரச் சொன்னார். திட்டியிருந்தால் ஏதாவது பொய் சொல்லித் தப்பித்திருப்பேன். அன்பாகச் சொல்லித் தொலைத்தார்.

அப்பாவுக்குச் செம்மங்குப்பத்தில் கெமிக்கல் கம்பெனி வேலை. பெயிலானால் படிப்பை நிறுத்திவிட்டு அவரோடு கம்பெனிக்குப் போக வேண்டும் என்பது எப்போதோ போட்ட உத்தரவு. ஆகவே நான் தினமும் தொங்கிக்கொண்டு போகும் சிதம்பரம் பஸ்ஸின் கண்டக்டர் குமாரண்ணனைத் தாய்மாமாவாக நியமித்தேன். (எங்கள் பள்ளியில் இது புதிதில்லை. வாசல் டீக்கடைக்காரருக்கு எல்லா வகுப்பிலும் மருமகன்கள் உண்டு.) அவருக்கு நான் கொடுத்த வசனம் ஒன்றே ஒன்று: "நான் பாத்துக்கறேன் மேடம்."

அதைச் சொல்லக்கூட மேடம் விடவில்லை. "பையன் இருக்கட்டும், நீங்க என்னவாகணும்னு நெனச்சீங்க?" என்று கேட்டுவிட்டார்.

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. பிளஸ் டூ கணக்கில் பெயிலானது, சிதம்பரத்தில் விவசாயம் படிக்க ஆசைப்பட்டது என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. வெளியே டிரைவர் ஹாரன் அடித்து ஓய்ந்துபோனார்.

"தெனம் யுனிவர்சிட்டி ஸ்டாப்புல எல்லாரையும் எறக்கி வுடறேன் மேடம். நான் ஒருநாளும் எறங்குனதில்ல."

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குமாரண்ணனும் துடைத்துக்கொண்டார். என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மருமகனோடு சேர்ந்து படித்து இந்த வருஷமே எழுதுங்கள் என்று மேடம் தீர்ப்புச் சொன்னார்.

மறுநாள் என்னைப் பிடித்தது சனி. புட்போர்டில் தொங்கிய என்னைக் குமாரண்ணன் காலரைப் பிடித்து உள்ளே இழுத்து, கணக்குப் புத்தகத்தைக் கையில் திணித்தார். டிக்கெட் கிழித்துக்கொண்டே கேள்வி கேட்பார். நான் முழித்தால் மொத்த பஸ்ஸும் உச்சுக்கொட்டும். மீன் கூடையோடு வரும் அக்கா ஒருவர், குழந்தையை விடுங்கள் என்று சிபாரிசுக்கு வருவார். (குழந்தைக்கு மீசை முளைத்திருந்தது. அதை யாருக்காக முறுக்கினேனோ அவளும் அதே பஸ்ஸில்தான் வந்தாள்.)

ஒருநாள் அப்பாவும் அதே பஸ்ஸில் ஏறினார். கண்டக்டரை என் தாய்மாமா என்றே நம்பியிருந்த மீன்கார அக்கா வாஞ்சையாக, "ஒங்க மச்சான் புள்ளய நல்லா படிக்க வெக்கிறாருங்க" என்றார்.

"எந்த மச்சான்? எம்பொண்டாட்டி கூடப் பொறந்தவங்களே கெடையாதேம்மா."

குமாரண்ணன் விசிலடித்து பஸ்ஸை நிறுத்தினார். இறங்கி ஓடப்போகிறார் என்று நினைத்தேன். மனுஷன் நேராக அப்பாவிடம் வந்து நடந்ததையெல்லாம் ஒப்பித்தார், நாலு பெயில் உட்பட.

"அவன கம்பெனிக்குக் கூட்டிகினு போயிடாதீங்க சார். அவன் நின்னுட்டா நானும் நின்னுடுவேன்."

அப்பா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். என் கன்னம் தயாராக இருந்தது. கடைசியில் ரெண்டு பேரும் எழுதித் தொலையுங்கள் என்றார். பஸ் கிளம்பியது.

ரெண்டு பேரும் பாஸ். கணக்கில் அவருக்கு என்னைவிட மார்க் கூடுதல். அதை அப்பா ஊர் முழுக்கச் சொல்லி என் மானத்தை வாங்கினார். குமாரண்ணன் யுனிவர்சிட்டி ஸ்டாப்பில் இறங்கி அஞ்சல் வழிப் படிப்பில் சேர்ந்தார், ஒன்று முடிந்தால் அடுத்தது.

போன வருஷம் என் கல்யாணத்தில் ஐயர், தாய்மாமன் மாலை போட வரலாம் என்றார். சொந்தத்தில் எந்தக் கல்யாணத்திலும் அந்த நேரம் வந்தால் அம்மாவுக்கு முகம் சுண்டிவிடும். அன்று மட்டும் நிமிர்ந்து நின்று, "குமாரு, வாப்பா" என்று கூப்பிட்டாள். அவர் அழுதுகொண்டே மாலை போட்டார். அப்பாதான் மண்டபத்துக்கே கேட்கும்படி குரல் கொடுத்தார். எங்கள் வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும் அன்று அவர் சொன்னதை இப்போதும் யாராவது சொல்லிக் காட்டுகிறார்கள்.

"மச்சான்கிட்ட சீரு ஜாஸ்தியா எதிர்பாக்காதீங்க. அவுரு இன்னும் படிச்சிகினு இருக்காரு."