டார்ச் வெளிச்சத்தில் ஒரு இன்டர்வியூ

பொய் சொல்லும் மனிதர்களைப் பிடிக்க ஊருக்கு ஊர் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. பொய் சொல்லும் லேப்டாப்பைப் பிடிக்க உலகத்திலேயே ஒரே ஆள்தான்: அரிமளத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் டார்ச் அண்ணன். சட்டைப்பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் டார்ச் இருக்கும். கோளாறு இன்னதென்று தெரியாமல் ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடமாட்டார். அவசரப்படுத்திய ஒருவரை, "காரணம் தெரியாமக் கழட்டுறதுக்கு நான் என்ன பழைய இரும்புக் கடையா வச்சிருக்கேன்?" என்று திருப்பி அனுப்பியவர்.

எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்த எனக்கு ஒரு நாள் மதியம் மூன்று மணிக்கு வீடியோவில் இன்டர்வியூ. லேப்டாப்பில்தான் டெஸ்ட்டும் எழுத வேண்டும். காலையில் திறந்தால் திரை இருண்டு கிடக்கிறது. அள்ளிக்கொண்டு அவரிடம் ஓடினேன்.

வெளிச்சம் கூட்டும் பட்டனை அமுக்கினார். அணைத்துப் போட்டார். அசையவில்லை. டார்ச்சைத் திரை மேல் சாய்த்துப் பிடித்தார். என் மகளின் படம் மங்கலாகத் தெரிந்தது.

"படம் இருக்கு. பின்னாடி எரியிற லைட்டுதான் போச்சு." கடை டி.வி.யில் இணைத்தார். படம் பளிச்சென்று வந்தது. "மத்ததெல்லாம் நல்லாருக்கு. என்ன பண்ணுனீங்க இதை?"

"ஒண்ணுமே பண்ணலைண்ணே. தானா இருண்டுருச்சு."

"எல்லாரும் அதைத்தான் சொல்றீங்க."

அதன் பிறகே கழற்றினார். திரையின் அடியிலிருந்து எதையோ சுரண்டி எடுத்து மோந்து பார்த்தார்.

"சந்தனம்! ஆயுத பூசைக்குப் பொட்டு வச்சீங்களா, இல்ல குளிப்பாட்டியே விட்டீங்களா?"

வேலை கிடைக்கவேண்டுமே என்று, தண்ணீராய்க் கரைத்து நானே அப்பியதுதான். அது உள்ளே இறங்கி லைட்டுக்குப் போகும் வயரைத் தின்றுவிட்டது.

"புது வயரு திருச்சியிலேருந்து வரணும், ரெண்டு நாளாகும். இன்டர்வியூவை டி.வி.யிலயே முடிங்க."

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கரண்ட் போனது. டி.வி. அணைந்தது. லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது, போனில் நெட் இருந்தது, திரைதான் தெரியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எந்திரிக்காதீங்க. இங்கிட்டுத் திரும்பி உக்காருங்க" என்றவர், திரை மேல் டார்ச்சைப் பிடித்தார்.

முக்கால் மணி நேரம். நான் படிக்கப் படிக்க வெளிச்சமும் வரி வரியாகக் கூடவே வந்தது. ஒரு கேள்வியில் நான் திணறி நின்றபோது, அவரே வெளிச்சத்தை அடுத்த கேள்விக்கு நகர்த்திவிட்டார். கை கடுத்திருக்கும், டார்ச்சை இறக்கவில்லை.

அந்த வேலையில்தான் இன்றும் இருக்கிறேன். ஆயுத பூஜைக்கு இப்போதெல்லாம் லேப்டாப்புக்குப் பொட்டு வைப்பதில்லை. அரிமளம் போய், அவர் எவ்வளவு திட்டினாலும், அந்த டார்ச்சுக்கு வைத்துவிட்டு வருகிறேன்.