பாடுவது யார் என்று கேட்ட ராஜதாஸுக்கு

பாறசாலை,
கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம், 1996.

மிகுந்த மதிப்பிற்குரிய ராஜதாஸ் அவர்களுக்கு,

ஓய்வுபெற்ற ஆசிரியன் ஈசாக் வணக்கத்துடன் எழுதுவது. சம்பந்தி என்று தொடங்கத்தான் கை போனது. நீங்கள் இன்னும் சம்மதம் சொல்லாததால் பெயரோடு நிறுத்திக்கொண்டேன். ஆண்டவர் தயவில் நானும் விமலகுமாரியும் சுகம். மகன் சஜினும் உடம்பளவில் சுகம். வெள்ளறடையில் நீங்களும் வீட்டிலுள்ளவர்களும், ரப்பர் மரங்கள் உட்பட, சுகமாக இருக்க வேண்டுகிறோம்.

போன மாதம் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தபோது நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டு, கையைத் துண்டில் துடைத்தபடி, "சாரே, பையன் எலக்ட்ரிக் கித்தார் வாசிப்பான், அது சரி. பாடுறது யாரு?" என்றீர்கள். "யாரும் பாட மாட்டாங்க, கித்தார் மட்டுந்தான்" என்றேன். மீன் போடாமல் மீன்கறி வைத்திருக்கிறோம் என்று சொன்னவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தீர்கள். "ஆலோசிச்சுச் சொல்லுதேன்" என்று பஸ் ஏறினீர்கள். அப்புறம் தகவல் இல்லை. சஜின் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் வாசிப்பதைப் பாதியில் விட்டுவிட்டு வாசலுக்குப் போகிறான். வேறு யாருடைய கல்யாணப் பத்திரிகையோடாவது திரும்பி வருகிறான். நல்ல கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொன்னது ஆசிரியனுக்கு அழகல்ல. ஆகவே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கருவி. விமலகுமாரியின் தம்பி துபாயிலிருந்து வந்தபோது எல்லாருக்கும் தைலமும் சோப்பும் கொண்டுவந்தார், சஜினுக்கு மட்டும் இது. சாதாரணக் கித்தாருக்கு வயிறு உண்டு, கம்பியைத் தட்டினால் சத்தம் வரும். இது வெறும் பலகை. கரண்டு கொடுத்தால்தான் வாய் திறக்கும். சத்தத்தைக் கூட்டுகிற ஆம்ப்ளிஃபையர் பெட்டியைத் தம்பி மறந்துவிட்டார். பையன் என்ன செய்தான் என்றால், என் ரேடியோவின் முதுகைத் திறந்து இதன் வயரை அதில் கொண்டு சேர்த்தான். பிராந்தியச் செய்தி கேட்கப் போன நான், செய்தி வாசிக்கிறவர் வீட்டில் ஏதோ துக்கம் என்றே நினைத்தேன். விமலகுமாரி ஓடிவந்து, "எலே மக்கா, ஷாக்கடிச்சுக் கிடந்தா நான் யாருட்ட போய்ச் சொல்லுவேன்" என்று தன்னுடைய ரப்பர் செருப்பைக் கழற்றி அவன் காலில் மாட்டினாள். அம்மா சொன்னதற்காக இன்றும் மேடையில் கோட்டும் பேண்டும் போட்டு ரப்பர் செருப்போடுதான் நிற்கிறான். திருவனந்தபுரத்தில் அதைப் பார்த்து வேறு இரண்டு கித்தார்காரர்களும் ரப்பர் செருப்புக்கு மாறிவிட்டார்கள் என்று கேள்வி. அயல்வீட்டார் பொறுமைசாலிகள். இப்போது தினமும் சாயங்காலம் அரைமணி நேரம் கரண்டு கட் செய்கிறார்களே, அதைப் பற்றி ஊரெல்லாம் குறை சொல்கிறது; எங்கள் வரிசையில் மட்டும் யாரும் குறை சொல்வதில்லை.

அடுத்தது சபை. உங்கள் சபையிலும் இதே வழக்கம்தான்: ஆர்கன்காரர் பாட்டின் ராகத்தை ஒருமுறை வாசித்துக் காட்டுவார், உடனே சபை எழுந்து நிற்கும், பிறகு பாடும். அறுப்புப் பண்டிகையன்று பிரசங்கத்துக்கு முன்னால் சஜினை வாசிக்கச் சொன்னார் பாஸ்டர். அவன் எல்லாருக்கும் தெரிந்த ஒரு ஞானப்பாட்டைத்தான் எடுத்தான். ராகம் ஒரு சுற்று முடிந்ததும் வழக்கம்போல மொத்த சபையும் எழுந்து, புஸ்தகத்தைப் பிரித்து, மூச்சை இழுத்து வாயைத் திறந்தது. இவனோ முதல் வரிக்குத் திரும்பவில்லை, கல்யாணி ராகத்துக்குள் போய்விட்டான். ஆண்கள் பக்கம் அவனைத் துரத்திக்கொண்டு இரண்டு அடி பாடியது. அங்கே அவன் இல்லை. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் துக்கத்தை இழுத்து இழுத்துப் பாடுவார்களாமே, அந்த வழியில் போய்க்கொண்டிருந்தான். பெண்கள் பக்கம் எதிரே போய்ப் பிடிக்கப் பார்த்தது, முடியவில்லை. உட்காரலாம் என்றால் பாஸ்டர் நிற்கிறார். பாஸ்டர் உட்காரலாம் என்றால் சபை நிற்கிறது. யார் முதலில் உட்காருவது என்று தெரியாமல் கடைசிவரை எல்லாரும் வாய் திறந்தபடி நின்றோம். மறுமாதம் திருவனந்தபுரத்தில் அவன் கச்சேரிக்கு அடித்த நோட்டீசில், 'இவரது இசைக்குப் பாறசாலையில் அவை முழுவதும் எழுந்து நின்றது' என்று போட்டிருந்தார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. நானும் நின்றேன்.

பிறகு நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு கோயில் திருவிழா. கானமேளா என்கிற பாட்டுக் கச்சேரிக்கு வர வேண்டிய பாட்டுக்காரர் வரவில்லை, வண்டி வழியில் கிடக்கிறது என்றார்கள். கமிட்டிக்காரர்கள் இவனை மட்டும் மேடையில் ஏற்றிவிட்டார்கள். இவன் வாசிக்கிறான், கூட்டத்துக்குப் பாட்டுச் சத்தம் கேட்கவில்லை, ஆகவே மைக் கெட்டுப்போனது என்று முடிவுகட்டிவிட்டார்கள். "மைக் செட்டு, மைக் போச்சுலே" என்று கூப்பாடு. மைக் செட்டு உண்ணி பாய்ந்து வந்து, ஆளில்லாமல் நின்ற மைக்கில், "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றான். நன்றாகவே கேட்டது. "உன் சத்தம் கேக்குதுடே, பாட்டுகாரன் சத்தம் எங்க?" என்றது கூட்டம். "பாட்டுகாரன் இல்லடே, கம்பியாக்கும் பாடுது." "அப்ப அதுக்க வாய்க்கிட்ட மைக்க வை." உண்ணி சொன்னபடியே மைக்கைக் கொண்டுபோய்க் கித்தாரின் முன் வைத்தான். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, சத்தம் அவன் பிற்பாடு வாங்கிய ஆம்ப்ளிஃபையர் பெட்டி வழியாகத்தான் வருகிறது. ஆனால் ஜனங்களுக்குத் திருப்தி, அமைதியாகிவிட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் செண்டை மேளக்காரர்கள் இவனோடு சேர்ந்துகொண்டார்கள். கோயில் நாதஸ்வரக்காரர் பரமசிவன் கையைக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்றிருந்தார். கடைசியில் சொன்னார், "சாரே, இவன் எங்க ராகத்துல நுழைஞ்சு, உங்க சர்ச்சு வழியா வெளிய வந்து, பொழியூர்க் கடப்பொறத்துல வள்ளம் தள்ளுறவன் பாட்டையும் தூக்கித் தோள்ல போட்டுட்டு வாறான். எங்க போறான்னு எனக்குப் பிடிகிட்டல்ல. ஆனா சுருதி தப்பல்ல. அதாக்கும் காரியம்."

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். சொல் இல்லாத சத்தம் எப்படிப் பாட்டாகும்? ஓர் உதாரணம் சொல்கிறேன். நம் ஆலய மணிக்குச் சொல் கிடையாது. ஆனால் ஆராதனைக்கு அடிக்கிறதா, அடக்கத்துக்கு அடிக்கிறதா என்று வயலில் நிற்கிறவனுக்கும் தெரியும். அடக்க மணி கேட்டுவிட்டு, 'சரி, பாடுறது யாரு' என்று எவரும் கேட்பதில்லை. சரி, ஒன்று வாசித்தால் ஒன்றையே வாசிக்க வேண்டியதுதானே, ஏன் எல்லாவற்றிலும் காலை வைக்கிறான் என்று நீங்கள் அடுத்ததாகக் கேட்கலாம். அதற்கும் உதாரணம் உண்டு. உங்கள் வீட்டுக்கு நாங்கள் வந்த அன்று, நீங்கள் தமிழில் ஜெபம் செய்தீர்கள், ரப்பர் ஷீட் வியாபாரியிடம் மலையாளத்தில் பேரம் பேசினீர்கள், ஷீட்டை இங்கிலீஷில் எண்ணினீர்கள், நாயைத் திட்டும்போது எந்தப் பாஷை என்று எனக்கே பிடிபடவில்லை. யாராவது உங்களை, நீர் எந்தப் பாஷைக்காரர் என்று நிறுத்திக் கேட்டார்களா? நாம் நாக்கால் செய்வதை அவன் கம்பியால் செய்கிறான், அவ்வளவுதான்.

நிலையான தொழிலா என்ற பயம் உங்களுக்கு இருக்கும், பெண்ணைப் பெற்றவருக்கு அது இருக்க வேண்டியதுதான். மறைக்காமல் சொல்கிறேன். திருவனந்தபுரத்தில் பாட்டுப் பதிகிற ஸ்டூடியோக்களில் அவனுக்கு வாரத்தில் பாதி நாள் வேலை உண்டு. மீதி நாள் கச்சேரி. சொந்தமாக ஒரு கேசட்டும் போட்டிருக்கிறான். அதை வாங்கின ஒருவர், பாட்டு பதிய விட்டுப்போயிருக்கிறது என்று கடையில் திருப்பிக் கொடுத்தார், கடைக்காரரும் மன்னிப்புக் கேட்டு வேறு கேசட் கொடுத்தாராம். ஒத்துக்கொண்ட கச்சேரிக்கு அவன் போகாமல் இருந்ததில்லை. கண்டக்டர் எத்தனை ஏசினாலும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவான். இவ்வளவு கனத்தை மடியில் சுமந்து முகம் சுளிக்காதவன் குடும்பத்தையும் சுமப்பான் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. பெண் பார்க்க வந்த அன்று உங்கள் மகள் மினி அவனிடம் கேட்டது ஒரே கேள்வி. "கரண்டு போனா என்ன செய்வீங்க?" அவன், "வாறது வரைக்கும் காத்திருப்பேன்" என்றான். திரும்பி வரும்போது விமலகுமாரி, "இதுக்கு மேல ஒரு பெண்ணு என்னத்தக் கேக்கணும், ஒரு பையன் என்னத்தச் சொல்லணும்?" என்றாள். அவன் அதே பதிலின்படிதான் இப்போதும் இருக்கிறான். வேறு இடம் பார்க்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். ராஜதாஸ் அவர்களே, இல்லை என்றாலும் இல்லை என்று எழுதிவிடுங்கள், அவனை வாசலிலேயே நிற்க வைக்காதீர்கள்.

உங்கள் வீட்டம்மாவுக்கு எங்கள் அன்பு. மினிக்கு எங்கள் ஆசீர்வாதம், எந்த முடிவானாலும் உண்டு. பண்டிகை நாட்களில் உங்கள் வீட்டில் சமாதானமும் நல்ல வெயிலும் நிலைக்கட்டும்.

இப்படிக்கு,
ஈசாக்

பி.கு: கவரை ஒட்டப் போகும்போது ஆட்டோக்காரர் சோமன் சஜினின் பெட்டியைக் கொண்டு இறக்கினார். நெய்யாற்றின்கரை ஸ்டாண்டில் ஓட்டுகிறவர். போன சனிக்கிழமை சாயங்காலம் அங்கே சஜின் வாசித்தபோது, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மைதானத்துக் கடைசியில் ஒருவர் முழுக்கச்சேரியும் கேட்டாராம். "வெள்ளறடையில கொண்டு விட்டேன், சாரே. பேரு ராஜதாஸாக்கும். மோளுக்குப் பையனப் பாக்க வந்தேன், யாருட்டயும் சொல்லிராதேன்னு சொன்னாரு. கடைசில ஒரு ட்யூன் வாசிச்சான்லா, வழிமுழுக்க அதைத்தான் தானன்னா தானன்னான்னு பாடிட்டு வந்தாரு. நடுவுல ஒரு இடம் மறந்துபோச்சு, வண்டிய ஓரங்கட்டச் சொல்லி ரெண்டு பேருமாட்டு யோசிச்சோம்."

ஆகவே மேலே நான் எழுதியதில் ஒன்றும் உங்களுக்குத் தேவையில்லை. கிழிக்க மனம் வராமல் அனுப்புகிறேன். அந்த ட்யூனைச் சஜின் உண்டாக்கியது உங்கள் வீட்டிலிருந்து நாங்கள் திரும்பி வந்த அன்று. மினி அதை இன்னும் கேட்டதில்லை. இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலை அவள் சாயா கொண்டுவந்து தரும்போது, சொல் ஒன்றும் சேர்க்காமல், அவள் முன்னால் அதை ஒருதடவை பாடிப் பாருங்கள்.