ஜோடி அண்டா

மலேசியாவின் நெகிரி செம்பிலானில் கொசுவுக்கு அடுத்தபடியாகத் தவிர்க்க முடியாத உயிரினம் ஒன்று உண்டு. அதன் பெயர் பழம்பொருள் பிரியர். ஏதோ ஒரு ரப்பர் தோட்டம் வீடமைப்புத் திட்டத்துக்குக் கைமாறுகிறது என்று காதில் விழுந்தால் போதும், மண்வாரி இயந்திரத்துக்கு முன்னால் இவர் போய் நிற்பார். மானேஜர் பங்களாவில் தொங்கிய ஓவியம், பூச்சி அரித்த புத்தகங்கள், ஒரு கால் போன நாற்காலி, விடிகாலையில் தொழிலாளரைக் கூட்ட அடித்த பெரட்டு மணி, முள் விழுந்த கடிகாரம், எது ஏலத்துக்கு வந்தாலும் இவர் கை தானாக உயரும். வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்வார்? அடுக்குவார். துடைப்பாரா? மாட்டார். அழுக்கு போனால் மதிப்பும் போய்விடுமாம்.

இவரை அடையாளம் காண்பது எளிது. உங்கள் வீட்டுக்கு வந்தால் உங்கள் நலத்தை விசாரிக்கமாட்டார். நாற்காலியைக் கவிழ்த்து அதன் அடிப்பக்கத்தை விசாரிப்பார். தேநீர் கொடுத்தால், குடித்து முடிக்குமுன்பே கோப்பையைச் சாய்த்து அடியில் முத்திரை தேடி மடியில் ஊற்றிக்கொள்வார். சாவு வீட்டிலும் அப்படித்தான். "ரொம்ப நல்ல மனுசருங்க" என்று பெருமூச்சு விடுவார். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "அந்தச் செவுத்துக் கடிகாரத்த என்னா செய்யப் போறீங்க?"

ஏலத்தில் இவருக்கு ஒரு தந்திரம் உண்டு. ஒரு பொருள்மேல் ஆசை வந்துவிட்டால் கொட்டாவி விடுவார். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் அது போலி என்பார். மற்றவர் ஒதுங்கிக்கொள்ள, இவர் கை தூக்குவார். ஆசை வராத பொருளையும் போலி என்றுதான் சொல்வார், பழகிவிட்டது.

ராசா என்ற ஊரில் இருக்கும் சன்னாசியை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் என்ன நினைத்து அந்தப் பெயரை வைத்தார்களோ, மனிதர் பிறந்ததிலிருந்து எதையும் துறந்ததில்லை. மகள் புனிதா தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். அவள் தங்கவேண்டிய பின்னறையில் கூரை வரைக்கும் சாமான்.

"புள்ள எங்கங்க படுக்கும்?" என்று கேட்டார் மனைவி நீலாவதி.

"ஹால்ல படுக்கட்டும்லா."

"ஹால்ல ஒங்க அலமாரி படுத்திருக்கு."

"அப்ப நம்ம ரூம்ல."

"அங்க நான் படுக்கறதுக்கே ஒங்க நாற்காலிகிட்ட பெர்மிஷன் கேக்கணும்."

"திருவிழாவுக்குள்ள ஒழிச்சிடறேன் நீலா." இதையே தீபாவளிக்கும் சொல்லியிருந்தார்.

ரெம்பாவ் பக்கத்தில் அவர்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தின் மாரியம்மன் கோயிலில் திருவிழாவின் கடைசி நாள் ஏலம் நடக்கும். அம்மனுக்குச் சாத்திய சேலை, எலுமிச்சம்பழம், பக்தர்கள் காணிக்கையாகக் கொடுத்த சாமான்கள் எல்லாம் ஏலத்துக்கு வரும். பெயர் வேண்டாமென்றால் கொடுத்தவர் பெயரைச் சொல்லமாட்டார்கள். அம்மனுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. நீலாவதிக்கு இந்த இரண்டு விதிகளும் நன்றாகத் தெரியும்.

ஏலத்துக்கு முந்திய நாள் சன்னாசி கோலா கிளாவாங்கில் யாரோ ஒருவர் வீட்டுக் கட்டிலைப் பார்க்கப் போய், இரவு அங்கேயே தங்கி, மறுநாள் நேராகக் கோயிலுக்கு வந்தார். வந்து, முன்வரிசையில் இடம் பிடித்தார். பக்கத்து நாற்காலியில் ராசாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் லியாக்கத் அலி.

கோயில் செயலாளர் தேவன் மைக்கைத் தட்டினார். "பக்தர் ஒருத்தர் அம்மனுக்குக் குடுத்தது. பேரு வேணாம்னுட்டாங்க." பளபளவென்று ஒரு பித்தளை விளக்கு வந்தது.

"பாய், வேணாம். போலி," என்றார் சன்னாசி. "பழைய சாமான் இப்படியா மின்னும்?"

"கடையில தொங்கவிடத்தான் அண்ணே," என்று லியாக்கத் அலி சல்லிசாக வாங்கினார். துடைத்துப் பளபளத்த கடிகாரம் வந்தது. போலி. பெரட்டு மணி வந்தது. "போன வருசம் ஏதோ பட்டறையில வார்த்தது பாய்." அதையும் பாயே வாங்கினார்.

அப்புறம் ஒரு செம்பு அண்டா வந்தது. அந்திச் சூரியனைக் கவிழ்த்து வைத்ததுபோல் ஒரு நிறம். சன்னாசி பெரிதாகக் கொட்டாவி விட்டார்.

"அண்ணன் கொட்டாவி விட்டா அதுல என்னமோ இருக்கு," என்று லியாக்கத் அலி கையைத் தூக்கினார். இவர் தூக்க, அவர் தூக்க, கடைசியில் சன்னாசி நாற்காலிமேலேயே ஏறி நின்றார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்.

அண்டாவைத் தோளில் சுமந்தபடி வீட்டுக்குள் நுழைந்தார். "நீலா, அதிர்ஷ்டத்தப் பாரு. இதே மாதிரி கறுப்பா ஒண்ணு நம்மகிட்ட இருக்குல்ல? ஜோடி சேந்துடுச்சு." ஜோடியை எடுக்கப் பின்னறைக்கு ஓடினார்.

அறையில் ஒரு மெத்தை இருந்தது. ஒரு தொட்டில் இருந்தது. மூலையில், சிமெண்டுத் தரையில் ஒரு வட்டத் தடம் இருந்தது. சன்னாசி அண்டாவை அதன்மேல் இறக்கினார். இம்மி பிசகாமல் பொருந்தியது.

பூதக்கண்ணாடியை எடுத்து விளிம்பைப் பார்த்தார். புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. "நீலாவதின்னு போட்டிருக்கு. யாரோ பெரிய கங்காணி பொண்டாட்டியா இருக்கும்."

"தோட்டத்துல பால்மரம் சீவுனவரு பொண்ணு," என்றார் நீலாவதி. "எங்கப்பா கல்யாணத்துக்குக் குடுத்த அண்டாங்க அது. இத்தன வருசமா ஒரு தடவ வெளக்க விட்டீங்களா? நேத்து புளி போட்டுத் தேச்சேன்."

"அப்ப அந்த விளக்கு, கடிகாரம், மணி..."

"எல்லாம் போலின்னு நீங்கதான் சொன்னீங்களாமே. தேவன் தம்பி போன் பண்ணுனாரு."

சன்னாசி மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தார். பூதக்கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப ஜோடி கெடையாதா?"

புனிதா வந்தாள். பேரப்பிள்ளை அண்டாவில்தான் குளிக்கிறான், தினமும் அதற்குள்ளேயே ஒன்றுக்கும் போகிறான். சன்னாசி மட்டும் காலையில் லியாக்கத் அலி கடையில் தேநீர் குடித்துக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார், விலை கேட்கிறார். "போலிதானே அண்ணே, ஒங்களுக்கு எதுக்கு?" என்கிறார் பாய். சோறு வெந்ததும் பெரட்டு மணியை ஒரு தட்டுத் தட்டுகிறார்.

சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் யாரும் உட்காராத நாற்காலி ஒன்று இருக்கிறதா? வந்தவர் அதில் உட்காரப் போனால், "அதுல வேணாம், இங்க வாங்க" என்கிறீர்களா? அது இறந்துபோன ஒருவருடைய நாற்காலி என்றால் நான் வாய் திறக்கவில்லை. அதை ஏலம் விட்டால் விலை கேட்பதற்கு உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள்.

வேறு காரணம் என்றால், தயவுசெய்து கையில் இருக்கும் கோப்பையைக் கீழே வையுங்கள். அடியில் ஒன்றும் எழுதியில்லை. மடியில் கொட்டப் போகிறது.