வெள்ளைப் பொட்டு வந்த விவரம்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் ஒரே தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மகளும் நலம். நீங்கள் நலமா என்று கேட்கமாட்டேன். போன வாரம் போனில் போட்ட சத்தத்திலேயே உங்கள் நுரையீரல் நலமாக இருப்பது தெரிந்துவிட்டது.

வந்துவிட்டது மச்சான், வெளிச்சம் வந்துவிட்டது! இந்த மாதத்துக்குள் முடியாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வா என்று பிள்ளையிடம் சொன்னீர்களே, அந்த மூட்டையை அவிழ்த்தாயிற்று. அவள் என்ன வேலை செய்கிறாள் என்றே உங்களுக்கு விளங்கவில்லை என்று அக்கா சொன்னாள். ஐந்தாவதோடு நின்றவன் சொல்கிறேன், கேளுங்கள். கணினிக்குள் நகத்தளவில் ஒரு சில்லு இருக்கிறதல்லவா, அதில் சேதி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போகக் கம்பி வேண்டும், கம்பி கூடக்கூடச் சூடும் கூடும். இவள் கம்பியே வேண்டாமென்று, தலைமுடியில் நூறில் ஒரு பங்குகூடத் தடிமன் இல்லாத தங்கக் குச்சிகளை இரண்டு கரையிலும் வைத்து, ஒன்று வெளிச்சத்தை வீச மற்றது பிடிக்க என்று ஏற்பாடு செய்திருக்கிறாள். அந்தக் காலத்தில் மொட்டைமாடியில் ஏறி டிவி ஆண்டெனாவைப் பிடித்துக்கொண்டு “வருதா? வருதா?” என்று தெருவையே எழுப்புவீர்களே, அதற்கு இது கொள்ளுப்பேத்தி.

அவள் அளந்து பார்க்கும் அறையைக் கூட்டித் துடைப்பவன் நான்தான். தரையை மட்டும். மேஜையில் அவளே சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறாள்: ‘மாமா, இங்க கை வைக்காதீங்க.’ அந்தக் கட்டடம் முழுக்கத் தேடினாலும் மாமா நான் ஒருவன்தான். தூசியைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மேஜையில் சில்லை வைத்து, ஒரு கண்ணாடி வளையத்தின் வழியாக வெளிச்சத்தை விட்டாள். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சமாம், அக்கரைக் குச்சி பிடித்தால் திரையில் வெள்ளைப் பொட்டாகத் தெரியுமாம். பொட்டும் இல்லை, புள்ளியும் இல்லை. புதனும் அதே கதை. வியாழக்கிழமை குச்சியின் நீளமே தப்போ என்று வரைந்ததையெல்லாம் மறுபடி வரைந்தாள், டீயைக் கையில் வைத்துக்கொண்டே டீ எங்கே என்று என்னைக் கேட்டாள். அவளுடைய பேராசிரியர் எதற்கும் ‘ம்’ மட்டுமே சொல்பவர். அவரே வந்து, வெள்ளிக்கிழமை வேலையைப் பார்வையிட வரும் குழுவின் முன்னால் பொட்டு வராவிட்டால் இந்த வேலையை மூடிவிட்டு மேஜையை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டியதுதான் என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதைக் கேட்டு, துடைத்த தரையையே நான் மறுபடி துடைத்தேன்.

வெள்ளிக்கிழமை, குழு வர அரைமணி நேரம் இருக்கிறது. உள்ளே போனால் பிள்ளை மேஜைக்கு அடியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிறாள்.

“மூணு வருசம் மாமா. எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஏன் வரலைன்னே தெரியல.”

“அந்தக் கண்ணாடி வளையத்தைக் கொஞ்சம் திருப்பிப் பாரேன்.”

“அது பத்து நாள் முன்னாடி சரிபார்த்து வச்சது. அதை யாரு தொடப்போறா?”

“படம் வரலைன்னா உங்கப்பா என்ன பண்ணுவாரு? திருப்புவாரு. திருப்பிப் பாரு, கடிச்சிடாது.”

கடுப்பில் எழுந்து திருப்பினாள். கால் வட்டம் போனதும் திரையில் பொட்டு! “வருது! வருது!” என்று கத்தினாள் பாருங்கள், குரல் அப்படியே நீங்கள்தான். வெளிச்சம் நெட்டாகவும் ஆடுமாம், குறுக்காகவும் ஆடுமாம், எந்த வாக்கில் என்பதை முடிவு செய்வது அந்த வளையமாம். குச்சி படுத்திருக்கும் வாக்கில் ஆடினால்தான் வாங்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் கண்டுகொள்ளாது. அக்காவோடு குடும்பம் நடத்தும் உங்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

குழு பார்த்தது, தலையாட்டியது, இன்னும் இரண்டு வருடம் செய் என்றது. பேராசிரியர் சேர்ந்தாற்போல மூன்று ‘ம்’ சொன்னார். ஆகவே, ஐந்தாவது படித்த மூளைதான் காப்பாற்றியது என்று உங்கள் தெருவில் நாலு பேரிடம் சொல்லவும்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் ரத்த அழுத்தத்துக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
மேஜையைத் தொடாத மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் இதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, பையிலிருந்து ஒரு மஞ்சள் நூலை எடுத்து என் முன்னால் வைத்தாள். வளையத்தில் சிக்கியிருந்ததாம். “இந்தக் கட்டடத்துல மஞ்சள் துணியால துடைக்கிறது யாரு மாமா?” திங்கட்கிழமை அந்த வளையத்தின் மேல் அவ்வளவு தூசி மச்சான், ஒரே ஒரு தடவைதான் துடைத்தேன், வளையம் லேசாகச் சுற்றினாற்போல இருந்தது. சொல்லப் பயந்து நான்கு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஆண்டெனா யோசனையெல்லாம் அந்தப் பயத்தில் வந்ததுதான். ஆகவே தெருவில் யாரிடமும் சொல்ல வேண்டாம். சீட்டை மாற்றிவிட்டாள். இப்போது அதில், ‘மாமா, என்னைக் கேட்டுட்டுத் துடைங்க’ என்று இருக்கிறது. எனக்குப் பதவி உயர்வு மச்சான்.